கேட்கலாமா என்று கேட்காதே!

1988 கோடையில் பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்கரினென் என்ற மாணவருக்கு ஒரு சன் கம்பெனி சர்வரைப் பார்த்துக்கொள்ளும் விடுமுறை வேலை கிடைத்தது. அந்த சர்வரோ தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் சாது. ஊலு, ஆர்க்டிக் வட்டத்துக்குக் கொஞ்சம் தெற்கே இருக்கும் ஊர். கோடையில் சூரியன் வீட்டுக்குப் போக மனசில்லாமல் ராத்திரி வரைக்கும் தெருவிலேயே நிற்கும். வேலை கிடைத்தும் செய்ய வேலை இல்லை, ராத்திரி ஆகியும் இருட்டு இல்லை. நம்மூர்ப் பையனாக இருந்தால் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அரசியல் பேசியிருப்பான். அங்கே அந்த பெஞ்சு இல்லாத குறையை ஓய்கரினென் சி மொழியில் எழுதித் தீர்த்துக்கொண்டார்.

பல்கலைக்கழகத்தில் ஏற்கெனவே ஊலுபாக்ஸ் என்றொரு பிபிஎஸ், அதாவது கம்ப்யூட்டர் அறிவிப்புப் பலகை, இருந்தது. அதில் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொள்ள எம்யூடி என்று ஒரு புரோகிராமும் இருந்தது. ஆனால் ஒழுங்காக ஓடாது. ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஓய்கரினென் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, தான் எழுதியதைக் கொண்டுவந்து வைத்தார். பெயர் இன்டர்நெட் ரிலே சாட், சுருக்கமாக ஐஆர்சி. யோசனையில் ஒரு பங்கு, பிட்நெட் என்ற வேறொரு வலையமைப்பில் அப்போதே ஓடிக்கொண்டிருந்த ரிலே அரட்டையிடமிருந்து வாங்கிய கைமாற்று. ஹெல்சிங்கியும் தம்பரேயும் ஆளுக்கொரு சர்வரை மாட்டின. அப்புறம் அமெரிக்கா. 1989 பாதியில் உலகம் முழுக்க சுமார் 40 சர்வர்கள்.

இதுவரைக்கும் ‘உதவி’ என்ற பேச்சே எழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வேலை நேரத்தில் வெட்டிப் பேச்சு பேசத்தான் ஐஆர்சி பிறந்தது. அதற்கு மரியாதை வந்தது 1991இல். வருஷத் தொடக்கத்தில் வளைகுடாப் போர். அங்கிருந்து ஐஆர்சி வழியாகச் செய்தி வந்தது. ஆகஸ்ட் 19ஆம் தேதி மாஸ்கோவில் சோவியத் தலைவர் கோர்பச்சேவை ஓரங்கட்டிவிட்டு ஆட்சியைப் பிடிக்கப் பார்த்தார்கள், அப்போதும் வந்தது. ஆறு நாள் கழித்து, ஆகஸ்ட் 25ஆம் தேதி, அதே பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற இன்னொரு மாணவர், பொழுதுபோக்குக்காகத் தான் ஓர் ஆப்பரேட்டிங் சிஸ்டம் எழுதிக்கொண்டிருப்பதாகவும் பெரிசாக ஒன்றும் வராது என்றும் அறிவித்தார். மாஸ்கோ கவிழ்ப்பு மூன்று நாளில் அடங்கிவிட்டது. லினக்ஸ் அடங்கவில்லை. உலகத்தை முப்பது வருஷம் ‘ஏன் ஓட மாட்டேங்குது?’ என்று புலம்ப வைக்கப்போகும் மென்பொருளும், அந்தப் புலம்பலைக் கொட்டுவதற்கான இடமும் ஒரே நாட்டில் தயாராயின. அதுவும் இடம் முதலில், புலம்பல் பிறகு. திட்டமிட்டு வேலை பார்க்கும் தேசம் என்று சும்மாவா சொல்கிறார்கள்.

ஐஆர்சி சாம்ராஜ்யத்துக்கு ஒரு சட்டப் புத்தகம் எழுதியது 1993 மே மாதம்தான். ஆர்எஃப்சி 1459 என்று பெயர். அதன்படி உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு நிக், அதாவது புனைபெயர் உண்டு. ஒன்பது எழுத்துக்கு மேல் போகக்கூடாது, அதுவும் ஆங்கில எழுத்து. வெங்கடசுப்பிரமணியன் என்ற பெருமகனார் உள்ளே வந்தால் ‘வெங்கடசு’ என்ற அளவிலேயே நிறுத்தி உட்கார வைத்துவிடுவார்கள். நிக்கில் சதுர அடைப்பு போட்டாலும் சுருள் அடைப்பு போட்டாலும் ஒரே ஆள் என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் ஒரு விதி இருக்கிறது. ஏனென்றால் பின்லாந்துக்காரர்கள் அந்த அடைப்புக்குறிகளின் இடத்தில் தங்கள் மொழியின் புள்ளிவைத்த எழுத்துகளைக் குடியேற்றியிருந்தார்கள். சதுரம் பெரிய எழுத்து, சுருள் சின்ன எழுத்து. பிரேசில்காரனும் ஜப்பான்காரனும் இன்றைக்கு வரைக்கும் பல சர்வர்களில் ஊலு ஊர்க் கீபோர்டுக்குக் கட்டுப்பட்டு நடக்கிறார்கள்.

ஒரு வரிக்கு 512 பைட், அதில் இரண்டு வரியை முடிப்பதற்கே போய்விடும். தமிழில் தட்டுகிறவருக்கு இதில் தனி அனுபவம் உண்டு. யூனிகோடு யுடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். புள்ளிக்குத் தனி, கொம்புக்குத் தனி. ‘வணக்கம்’ என்று பண்போடு ஆரம்பித்தால் 21 பைட் காலி. வெள்ளைக்காரர் இரண்டே பைட்டில் ‘ஹாய்’ சொல்லி முடித்திருப்பார். கூட்டிக் கழித்தால் ஒரு வரியில் நமக்குக் கிடைப்பது 170 குறிதான், அதிலும் சானல் பெயர் வகையறாவுக்குப் பிடித்தம் உண்டு. முன்னுரை, நலம் விசாரிப்பு எல்லாம் முடிந்து விஷயத்துக்கு வரும் இடத்தில் வரி அறுந்துவிடும்.

சானல் என்பது பேசும் அறை. அதற்குச் சொந்தக்காரர் கிடையாது என்பதுதான் ஆதிகாலத்து விதி. யார் முதலில் வருகிறாரோ அவர் பெயருக்கு முன்னால் ஒரு ‘@’ குறி முளைக்கும். அவர்தான் ஆப்பரேட்டர். பிடிக்காதவரை உதைத்து வெளியே தள்ளலாம், திரும்பி வராமல் கதவைப் பூட்டலாம். ஆனால் அவர் போன் லைன் கட்டாகிவிட்டால் அந்த நிமிஷமே கிரீடம் போச்சு. வேறு யாரிடமும் ‘@’ இல்லையென்றால் அறை அரசனில்லாமல் கிடக்கும். எல்லாரும் வெளியேறி, காலி அறைக்குள் முதலில் நுழைகிறவர் அடுத்த அரசர்.

இதை வைத்து நடந்த அட்டகாசம் கொஞ்சநஞ்சமில்லை. சர்வர்கள் ஒன்றோடு ஒன்று கிளைகிளையாகத் தொடுத்திருக்கும். நடுவில் ஓர் இணைப்பு அறுந்தால் உலகம் இரண்டாகிவிடும், நெட்ஸ்ப்ளிட் என்பார்கள். திரையில் ஐம்பது பேர் ஒரே நொடியில் ‘வெளியேறினார்’, ‘வெளியேறினார்’ என்று வரிசையாக விழுவார்கள். விஷயம் தெரிந்த ரவுடி என்ன செய்வான் என்றால், அறுந்துபோன துண்டுப் பக்கம் போய் அங்கே காலியாகக் கிடக்கும் அதே சானலுக்குள் நுழைவான். முதலில் வந்தவன் என்பதால் ‘@’ கிடைக்கும். இணைப்பு திரும்ப ஒட்டியதும் இந்தப் பக்கமும் அவன் ஆப்பரேட்டர். உள்ளே வந்து பழைய ஆப்பரேட்டர்களை ஒவ்வொருவராக உதைத்துத் தள்ளுவான். அட்லாண்டிக்குக்கு அடியில் ஒரு கேபிள் தும்மினால் இங்கே ஆட்சி கவிழும். இரண்டு துண்டிலும் ஒரே நிக் வைத்த ஆள் இருந்துவிட்டால் இன்னும் மோசம்: யார் அசல் என்று சர்வருக்குத் தெரியாது, பஞ்சாயத்தும் பண்ணாது, இரண்டு பேரையும் கொன்றுவிடும். ‘கில்’ என்பதுதான் கட்டளையின் பெயரே.

பிரிவினையும் ஆரம்பத்திலேயே வந்துவிட்டது. பெர்க்லியில் எரிஸ் என்று ஒரு சர்வர், யார் வேண்டுமானாலும் தங்கள் சர்வரை வந்து மாட்டிக்கொள்ளலாம் என்று வாசலைத் திறந்து போட்டது. மாட்டியவர்கள் யோக்கியர்களாக இல்லை. 1990இல் மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து எரிஸைத் தள்ளிவைத்துவிட்டு, தங்கள் பக்கத்துக்கு ‘எரிஸ் இல்லாத நெட்’ என்ற அர்த்தத்தில் ஈஎஃப்நெட் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். வெளியேற்றப்பட்டவரின் பெயரையே கட்சிப் பெயரில் சுமப்பது நமக்குப் புதிதில்லை. அப்புறம் அங்கிருந்து 1992இல் அண்டர்நெட், 1994இல் டால்நெட் என்று ஆளாளுக்குத் தனிக்குடித்தனம். 1996 ஜூலையில் ஐரோப்பாவில் பெரும்பகுதியே பிரிந்து ஐஆர்சிநெட் ஆயிற்று. காரணங்களில் ஒன்று: ஒரே நிக்குக்கு இரண்டு பேர் மோதினால் கடிகாரத்தைப் பார்த்துப் பழைய ஆளை வாழவிடுவதா, அல்லது பிரிந்துபோன நிக்கைக் கொஞ்ச நேரம் பூட்டி வைப்பதா. இதற்காக ஒரு கண்டம் பிரிந்துபோனது. வரலாற்றில் இதைவிடச் சின்னக் காரணத்துக்குப் போர்கள் நடந்திருக்கின்றன என்றுதான் சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டும்.

இந்தக் கலவரத்துக்கு நடுவில்தான், 1990களின் மத்தியில், ராப் லெவின் என்ற அமெரிக்கர் ஈஎஃப்நெட்டில் லின்பீப்பிள் என்று ஒரு சானலைத் திறந்தார். லினக்ஸ் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் வந்து கேட்கலாம், தெரிந்தவர்கள் சொல்லலாம். அவருடைய நிக் ‘லிலோ’. லினக்ஸை எழுப்பிவிடும் பூட் புரோகிராமுக்கும் அதே பெயர். சானல் ஈஎஃப்நெட்டின் ரவுடித்தனம் தாங்காமல் மூட்டையைக் கட்டிக்கொண்டு அண்டர்நெட் போனது, டால்நெட் போனது, கடைசியில் சொந்தமாக சர்வர் வைத்துக்கொண்டது. 1998இல் ஓப்பன் ப்ராஜெக்ட்ஸ் நெட்வொர்க், 2002இல் ஃப்ரீநோடு. ஓப்பன் சோர்ஸ் உலகத்தின் உதவி கேட்கும் தலைமையகமாக இருந்தது இதுதான். உச்சத்தில் சுமார் 90 ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் உள்ளே இருந்தார்கள். அதில் பேசுகிறவர்கள் மிகக் குறைவு. மற்றவர்கள் சும்மா இருந்தார்கள். சும்மா இருப்பது ஐஆர்சியில் கெட்ட பழக்கம் இல்லை, தகுதி.

உதவி எப்படிக் கிடைத்தது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம்.

2000ஆம் ஆண்டு வாக்கில் லினக்ஸ் போட்டவர்களின் தலையாய சங்கடம் மோடம். கம்ப்யூட்டருக்குள்ளேயே செருகி வரும் மலிவு மோடங்கள் பாதி வேலையை விண்டோஸ் தலையில் கட்டிவிட்டு நிற்கும் ரகம். வின்மோடம் என்று பெயர். லினக்ஸில் அது வெறும் தகரம். தகரத்தை எழுப்புவது எப்படி என்று சானலில் கேட்க வேண்டும். சானலுக்குப் போக இன்டர்நெட் வேண்டும். இன்டர்நெட்டுக்கு மோடம் வேண்டும். ஆகவே கேட்கப் போகிறவர் லினக்ஸை அணைத்து, விண்டோஸை எழுப்பி, டயல் பண்ணி, கீ கீ என்று அது கத்தி முடித்ததும் உள்ளே நுழைந்து நிலைமையைச் சொல்வார். யாரோ ஒரு புண்ணியவான் ‘இந்தக் கமாண்டை அடித்துப் பார்த்து, என்ன வருகிறது என்று சொல்’ என்பார். விண்டோஸை அணைத்து, லினக்ஸை எழுப்பி, கமாண்டை அடித்து, திரையில் ஓடும் நாற்பது வரியில் எது முக்கியம் என்று தெரியாததால் நாற்பதையும் ஒரு ரூல்டு நோட்டில் எழுதிக்கொண்டு, மறுபடி விண்டோஸ், மறுபடி டயல், மறுபடி கீ கீ. இந்த இடைவெளியில் புண்ணியவான் தூங்கப் போயிருப்பார். நம் ஊரில் இருந்து கேட்டவர்களுக்கு டெலிபோன் பில் தனி. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் உட்கார்ந்தால்தான் அமெரிக்காக்காரன் மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்து பதில் சொல்லுவான் என்பது வீட்டில் யாருக்கும் புரியவைக்க முடியாத உண்மை.

உள்ளே போனதும் முதல் வரியாக எல்லாரும் எழுதுவது, ‘யாராவது இருக்கீங்களா? ஒரு சந்தேகம் கேட்கலாமா?’ இதைவிடப் பணிவான வாக்கியம் உலகத்தில் இருக்க முடியாது. ஆனால் சானல்காரர்களுக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். உள்ளே ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்று பக்கத்துப் பட்டியலிலேயே தெரிகிறது. அப்புறம் என்ன ‘யாராவது’? ‘கேட்கலாமா என்று கேட்காதே, கேள்’ என்று பதில் வரும். இதைத் தினமும் நூறு தடவை தட்டிக் கை நொந்துபோய், பாட்களிடம் ஒப்படைத்துவிட்டார்கள். லினக்ஸ் வகைகளான டெபியனின் சானலில் டிபிகேஜி, உபுண்டுவின் சானலில் உபொட்டு என்று மிஷின் காவலர்கள். பழைய ஆள் ஒற்றை வார்த்தை தட்டினால் போதும், பாட் உங்கள் பெயரைச் சொல்லி முழு உபதேசத்தையும் வாசித்துவிடும். வந்த ஒரு நிமிஷத்துக்குள் மனுஷனும் இல்லாத ஒன்றிடம் திட்டு வாங்குகிற அனுபவம் அநேகருக்கு அங்கேதான் முதலில் வாய்த்தது.

இன்னொரு பதில் ஆங்கிலத்தில் நாலு எழுத்து: ஆர்டிஎஃப்எம். மேனுவலைப் படி என்று அர்த்தம்; மூன்றாவது எழுத்துக்குரிய சொல்லை நல்ல குடும்பங்களில் சொல்ல மாட்டார்கள். மேனுவலைப் படித்துப் புரிந்துகொள்ள முடிகிறவன் ஏன் உங்களிடம் வருகிறான் என்று யாரும் திருப்பிக் கேட்டதில்லை. கேட்டவர்கள் உதை வாங்கி வெளியே போனார்கள்.

கேள்வி கேட்பதற்கும் ஒரு வேதம் தேவைப்பட்டது. 2001இல் எரிக் ரேமண்ட் என்ற புரோகிராமர் எழுதினார். ரிக் மோயன் கூட்டு. புத்திசாலித்தனமாகக் கேள்வி கேட்பது எப்படி என்று நீண்ட உபதேசம். முதலில் நீயே தேடு, என்னென்ன செய்து பார்த்தாய் என்று சொல், தலைப்பில் ‘அவசரம்’ போடாதே, வீட்டுப்பாடத்தை எங்கள் தலையில் கட்டாதே. எல்லாம் நியாயம்தான். ஆனால் நூற்றுக்கணக்கான மென்பொருள் குழுக்கள் ‘உதவி வேண்டுமா, முதலில் இதைப் படி’ என்று அந்தக் கட்டுரைக்கு வழிகாட்டிவிட, வந்தவர்கள் அதைத்தான் ஹெல்ப் டெஸ்க் என்று நினைத்து, தங்கள் பிரிண்டர் ஓடவில்லை என்று அதை எழுதியவர்களுக்கே மெயில் போட ஆரம்பித்தார்கள். கடைசியில் கட்டுரையின் உச்சியிலேயே, உங்கள் மென்பொருளுக்கு நாங்கள் பொறுப்பில்லை, எங்களிடம் கேட்காதீர்கள் என்று எச்சரிக்கை போட வேண்டியதாயிற்று. கேள்வி கேட்பது எப்படி என்று ஊருக்குச் சொல்லிக்கொடுத்தவர்களையே கேள்வி விரட்டியது.

பழம் தின்று கொட்டை போட்டவர்கள் வேறொரு வழி கண்டுபிடித்தார்கள். ‘லினக்ஸில் இதை எப்படிச் செய்வது?’ என்று கேட்டால் மேனுவலைப் படி என்பார்கள். ‘விண்டோஸில் ரெண்டு கிளிக்கில் முடிகிறது, லினக்ஸால் இதைச் செய்யவே முடியாது, குப்பை’ என்று சொன்னால் போதும். பத்து பேர் பாய்ந்து வந்து, பத்து வழியில், உதாரணத்தோடு செய்து காட்டிவிட்டுத்தான் மூச்சு விடுவார்கள். ஐஆர்சி நகைச்சுவைகளைச் சேர்த்துவைத்த பாஷ் டாட் ஆர்க்கில் புகழ்பெற்ற துணுக்கு இது. ஜோக் என்று போட்டார்கள். அதைச் செய்முறைக் குறிப்பாக எடுத்துக்கொண்டு பிழைத்தவர்கள் உண்டு.

சானல்காரர்கள் பக்கத்திலும் நியாயம் இருந்தது, மறுக்க முடியாது. ஒருவர் வந்து, ‘ஒரு ஃபைல் பெயரின் கடைசி மூன்று எழுத்தை மட்டும் எடுப்பது எப்படி?’ என்பார். சொல்லிக்கொடுப்பார்கள். அரை மணி நேரம் கழித்து வந்து, ‘சில ஃபைலுக்குத் தப்பாக வருகிறதே’ என்பார். நோண்டி விசாரித்தால் அவருக்குத் தேவை ஃபைல் எக்ஸ்டென்ஷன். எல்லா எக்ஸ்டென்ஷனும் மூன்றெழுத்து என்பது அவராகச் செய்துகொண்ட முடிவு. எக்ஸ்-ஒய் பிராப்ளம் என்று இதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்: வலி எக்ஸில், மருந்து கேட்பது ஒய்க்கு. ‘முதலில் நீ என்ன செய்யப் பார்க்கிறாய், அதைச் சொல்’ என்று சானலில் யாராவது கேட்டால் அது திமிர் மாதிரி இருக்கும். என் கணக்கில் அந்த அறைகள் தந்த ஒரே அசல் உதவி அந்தக் கேள்விதான். வேறெந்த கஸ்டமர் கேரும் அதைக் கேட்டதில்லை.

சின்னச் சின்ன விபத்துகளுக்கும் பஞ்சமில்லை. உங்கள் நிக்கை வேறொருவர் எடுத்துக்கொள்ளாமல் இருக்க நிக்சர்வ் என்ற மிஷினிடம் பாஸ்வேர்டு சொல்ல வேண்டும். சாய்கோடு போட்டு ஆரம்பித்தால் அது ரகசியக் கட்டளை. சாய்கோட்டுக்கு முன்னால் தெரியாமல் ஒரே ஒரு ஸ்பேஸ் விழுந்துவிட்டால் அது கட்டளை இல்லை, பேச்சு. பாஸ்வேர்டு ஆயிரம் பேர் முன்னால் ஏலம் போகும். அழிக்க வழியில்லை, ஐஆர்சியில் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியாது. அடுத்த ஐந்து நிமிஷம் அந்த ஆள் பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டிருப்பார், மற்றவர்கள், பாஸ்வேர்டில் பெயர் தெரிந்துவிட்ட அவருடைய பூனையை நலம் விசாரித்துக்கொண்டிருப்பார்கள்.

பிழைச் செய்தியை அப்படியே சானலில் ஒட்டினால் இன்னொரு வேடிக்கை. அறுபது வரி தடதடவென்று விழும். பாதியிலேயே சர்வர் ‘எக்ஸஸ் ஃப்ளட்’ என்று காரணம் சொல்லி ஆளை வெளியே தள்ளிவிடும். அவர் திரும்பி வந்து, ‘எங்கே விட்டேன்?’ என்று மீதியை ஒட்டுவார். இந்த வெள்ளத்துக்கு அணை கட்டத்தான் பேஸ்ட்பின்கள் வந்தன. பெரிசை அங்கே ஒட்டு, விலாசத்தை மட்டும் இங்கே கொடு. பால் டிக்சன் 2002இல் ஆரம்பித்த பேஸ்ட்பின் டாட் காம், புரோகிராமர்கள் இல்லாத ஊரிலும் பெயர் பெற்றுவிட்டது. அங்கே திருட்டுப் பாஸ்வேர்டுப் பட்டியல்களையும் ஒட்டினார்கள் என்பது வேறு கதை.

விஷமிகளும் இருந்தார்கள். ‘எனக்கும் அந்த @ எப்படிக் கிடைக்கும்?’ என்று கேட்ட அப்பாவியிடம் ஆல்ட்-எஃப்4 அழுத்தச் சொல்வார்கள், விண்டோவே மூடிக்கொள்ளும். ‘ஜாயின்’ போட்டுப் பூஜ்யம் தட்டினால் இருக்கிற எல்லா சானலிலிருந்தும் வெளியேறிவிடுவோம் என்பது நெறிமுறையிலேயே இருக்கும் விசித்திரம்; அதைப் பரிசுக்குப் போகும் வழி என்று சொல்லிக்கொடுத்த மகான்கள் உண்டு. உச்சக்கட்டம் ‘ஸ்டார்ட்கீலாகர்’ என்ற ஒற்றை வார்த்தை. ஒரு கம்ப்யூட்டர் புழுவுக்கு அதை ஏவியவர்கள் கட்டளையிட அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்கள். நார்ட்டன் ஃபயர்வால் அதைப் படித்து வைத்துக்கொண்டு, ஐஆர்சி இணைப்பில் அந்தச் சொல் கண்ணில் பட்டால் உடனே இணைப்பையே வெட்டியது. விளைவு, எந்தச் சானலிலும் ஒருவர் அந்த வார்த்தையைச் சும்மா எழுதினாலே நார்ட்டன் போட்டவர்கள் அத்தனை பேரும் கொத்தாக விழுந்தார்கள். மந்திரம் சொன்னால் மாங்காய் விழும் என்பதை நம்பாத பகுத்தறிவுவாதிகள் நேரில் பார்த்தார்கள்.

லெவினின் கதைக்கு வருவோம். ஃப்ரீநோடை அவர் நடத்திய முறை எல்லாருக்கும் பிடித்தது என்று சொல்ல முடியாது. அவ்வப்போது நெட்வொர்க்கில் இருக்கும் அத்தனை பேர் திரையிலும் அவருடைய நன்கொடை வேண்டுகோள் வந்து விழும். இலவச உதவிக்கு வந்த இடத்தில் காசு கேட்கிறாரே என்று முகம் சுளித்தவர்கள், அந்தக் காசில் ஓடும் சர்வரிலேயே உட்கார்ந்து சுளித்தார்கள். 2001 கடைசியில் மனக்கசப்பில் ஒரு கூட்டம் வெளியேறி ஓஎஃப்டிசி ஆரம்பித்தது; 2006 ஜூனில் டெபியன் தன் அதிகாரபூர்வ முகவரியையே அங்கே மாற்றிக்கொண்டது. அதே வருஷம் செப்டம்பரில் ஹூஸ்டனில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த லெவினைக் கார் மோதியது. சில நாளில் இறந்துபோனார். அவரைத் திட்டிய சானல்களிலேயே அவருக்காக அழுதார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அடுத்து வருவதைக் கற்பனை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 2017இல் ஃப்ரீநோடின் அன்றைய தலைமை, அதற்கென்று ஒரு கம்பெனியைப் பதிவு செய்து, ஆண்ட்ரூ லீ என்ற தொழிலதிபரின் கைக்குக் கொடுத்தது. விபிஎன் விற்றுப் பணக்காரரானவர். அடுத்த வருஷம், 2018இல், கொரியாவின் பழைய அரச குடும்பத்தைச் சேர்ந்த யி சோக் என்பவர் இவரைத் தன் வாரிசாக, பட்டத்து இளவரசராக அறிவித்தார். கொரியாவில் அரசாட்சி ஒழிந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பட்டமளிப்பு விழா நடந்தது அமெரிக்காவின் பெவர்லி ஹில்ஸில். முதலில் வந்தவனே ராஜா என்று ஆரம்பித்த ஓர் அமைப்புக்கு, கடைசியில் நிஜமாகவே ஓர் இளவரசர் வந்து சேர்ந்தார். இதை நாவலில் எழுதினால் எடிட்டர் வெட்டிவிடுவார்.

சம்பளமே வாங்காமல் சர்வர்களைப் பார்த்துக்கொண்டிருந்த தொண்டர்கள், இது வெறும் கம்பெனிப் பதிவு, அதிகாரம் நம்மிடம்தான் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். 2021இல் இளவரசர் தரப்பு, இல்லை, எல்லாம் எங்களுடையது என்றது; தொண்டர்கள்தான் கலகம் செய்து நெட்வொர்க்கைக் கைப்பற்றப் பார்த்தார்கள் என்றும் சொன்னது. மே 19ஆம் தேதி தொண்டர்கள் கூண்டோடு ராஜினாமா செய்தார்கள். அன்றைக்கே லிபெரா டாட் சாட் என்று புதுக்கடை. சுவீடனில் லாப நோக்கமில்லாத சங்கமாகப் பதிவு. சானல்கள் தங்கள் தலைப்புப் பலகையில் ‘நாங்கள் லிபெராவுக்குப் போகிறோம்’ என்று எழுத ஆரம்பித்தன. ஒரு வாரம் கழித்து, மே 26 வாக்கில், தலைப்பில் லிபெரா என்ற சொல் இருந்த 700க்கும் மேற்பட்ட சானல்களை ஃப்ரீநோடு நிர்வாகம் ஒரு பாட்டை வைத்து ஒரே மூச்சில் கைப்பற்றியது. ‘ஸ்டார்ட்கீலாகர்’ மந்திரம் நினைவிருக்கும். ஒரு சொல்லைப் பார்த்து வெட்டும் அதே வேலை, இந்தத் தடவை மேலிடத்துச் செலவில். போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர்களும் அன்றைக்கு மூட்டையைக் கட்டிவிட்டார்கள். உபுண்டு, ஜென்டூ, ஆர்ச், விக்கிமீடியா, கடைசியில் கட்டற்ற மென்பொருளின் தாய்வீடான க்னூவே போய்விட்டது. ஜூன் மாதம் ஃப்ரீநோடு, பழைய பதிவேட்டையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பித்தது. பதிவு செய்த நிக், சானல் எல்லாம் அம்போ. இருபது வருஷம் கட்டிக்காத்த பெயர்கள் ஒரே நாளில் போயின. ஃப்ரீநோடு ராஜ்ஜியம் இப்படி முடிந்தது.

இதற்கிடையில் வேறு வகைக் குடிபெயர்ப்பும் நடந்துகொண்டிருந்தது. ஒரு வீடியோ கேம் கம்பெனி தன் ஆட்களுக்குள் பேசிக்கொள்ள ஐஆர்சியை வைத்து ஒட்டுப்போட்டுச் செய்த கருவிதான் 2013இல் ஸ்லாக்காக வெளியே வந்தது. கேம் படுத்துவிட்டது, ஒட்டுப்போட்டது கோடிக்கணக்கில் போனது. ஓப்பன் சோர்ஸ் குழுக்கள் அங்கே போய், ஓசியில் இத்தனை பேரா என்று வாசலில் நிறுத்தப்பட்டன. ரியாக்ட் புரோகிராமர்களின் பெரிய குழு 2015இல் அங்கிருந்து, அப்போதுதான் பிறந்திருந்த டிஸ்கார்டுக்கு ஓடியது. 2018இல் ஸ்லாக் தன் ஐஆர்சி வாசலையும் மூடியது. மொசில்லா 2020இல் தன் ஐஆர்சி சர்வரை நிறுத்திவிட்டு மேட்ரிக்ஸ் என்ற வேறொரு அரட்டை அமைப்புக்கு மாறியது. இன்றைக்கு ‘கோடு எல்லாம் திறந்திருக்கிறது, யாரும் பார்க்கலாம்’ என்று பெருமை பேசும் பல மென்பொருள்களின் உதவி அறைகள், கூகுள்கூட எட்டிப் பார்க்க முடியாத டிஸ்கார்டு அறைக்குள் இருக்கின்றன. போன வருஷம் ஒருவருக்குச் சொன்ன பதிலை இந்த வருஷம் இன்னொருவருக்கு முதலிலிருந்து சொல்கிறார்கள். ஐஆர்சியில் திட்டுவதற்காவது ஆள் அலுத்துப்போய் பாட் வைத்தார்கள். இங்கே அலுப்பே தெரியாமல் ஸ்மைலி போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சர்வர்கள் மாறின, ராஜாக்கள் மாறினார்கள். பதில் சொல்கிறவர்கள் மட்டும் எந்தச் சானலிலும் அதே ஐந்தாறு பேர்தான். சம்பளம் கிடையாது, நன்றி எப்போதாவது. சில சமயம் அந்த ஐந்தில் ஒருவர், நீங்கள் மாட்டிக்கொண்டு முழிக்கும் அந்த மென்பொருளை எழுதியவராகவே இருப்பார்; ஒன்பதெழுத்து நிக்குக்குப் பின்னால் யார் என்று தெரியாமல் அவரிடமே ‘இதை எழுதிய முட்டாள் யார்?’ என்று கேட்டவர்கள் உண்டு. ‘நான்தான்’ என்று சொல்லிவிட்டு வழியையும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

லிபெரா இன்றைக்கும் ஓடுகிறது, ஓஎஃப்டிசியும் ஓடுகிறது. போய்ப் பாருங்கள். வணக்கத்துக்கு 21 பைட் செலவழித்தால் பரவாயில்லை, ஆனால் கேட்கலாமா என்று மட்டும் கேட்காதீர்கள். கேள்வியைப் போட்டுவிட்டு இரண்டு நிமிஷத்தில் கோபித்துக்கொண்டு வெளியேறாதீர்கள்; பதில் சொல்ல வேண்டியவர் வேறொரு கண்டத்தில் இன்னும் எழுந்திருக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பிரச்சினை தீர்ந்ததும் ‘சரியாயிடுச்சு’ என்று ஒற்றைச் சொல் எழுதிவிட்டு ஓடிவிடாதீர்கள். எப்படிச் சரியாச்சு என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள்.